பலகையில் ஏறிய முகம்

மறைந்தாரை மறவாதிருக்க மனிதன் தேடிய வழிகள் பல. நம் முன்னோர் கல் நட்டனர். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, அதனை நீராட்டி, நட்டு, படைத்து வாழ்த்துவதில் அது முடிகிறது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கென இமயத்தினின்று கல் எடுத்துக் கங்கையில் நீராட்டிய செய்திக்குச் சிலப்பதிகாரம் ஒரு காதையையே ஒதுக்கியிருக்கிறது. நாம் வந்து குடியேறிய இந்தக் கன்னட நாட்டிலும் வீரக்கற்களுக்குக் குறைவில்லை. பெங்களூரு என்னும் ஊர்ப்பெயர் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றே, பேகூரில் உள்ள, ஏறத்தாழக் கி.பி. 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு வீரக்கல்தான்.

இவற்றுள் நம் சிந்தையைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மிகப் பழைய நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. வீரனுடைய உருவம் இல்லை. வாளேந்திய வீரனும், பாய்ந்துவரும் குதிரையும், உடன் நிற்கும் மகளிரும் கல்லில் செதுக்கப்பட்டது பிற்காலத்தில். பெயர் முன்னே வந்தது. முகம் பின்னே வந்தது. இன்றோ நம் இல்லங்களில் முகம் மட்டும் மாலையணிந்து சுவரில் தொங்குகிறது. மூன்றாம் தலைமுறைப் பிள்ளையிடம், "இவர் பெயர் என்ன?" என்று கேட்டால் விழிக்கிறது.

இவ்வளவு பெரிய பீடிகை ஒரு சிறிய வீட்டு நிகழ்ச்சிக்காக என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அச்சிறிய நிகழ்ச்சி உடன்பிறந்தார் நால்வரை இரண்டு மாத காலம் முகங்கொடுத்துப் பேசவொட்டாமல் செய்தது. ஆதலால் அதனை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

எம் அன்னையார் மறைந்தது 2012-இல். அவருக்கென்று தனியே எடுத்த நிழற்படம் ஒன்றுகூட இல்லை. இருப்பது ஒன்றே ஒன்று. 1986-இல் தருமபுரி மாவட்டத்தில் உள்ள எம் சிற்றூரில் சிற்றப்பாவின் திருமணத்தன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதில் அன்னையார் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு வலப்புறம் சற்றுப் பின்தள்ளி, வெள்ளைப் புடவையுடன், எம் தந்தையின் தமக்கையார் நிற்கிறார். அத்தையின் இடக்கை அன்னையின் வலத்தோளில் பதிந்திருக்கிறது. இருபது வயது நிரம்புமுன்னரே கணவனை இழந்து பிறந்தகம் திரும்பியவர் அத்தை. பிள்ளைப்பேறு இல்லை. அன்னையார் கழனிக்குப் போனபோதெல்லாம் எங்கள் நால்வரையும் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தாம். அவர் 2001-இல் காலமானார்.

எம் மகள் கல்லூரியில் பயில்கிறாள். அச்சிட்ட படத்தை மரப்பலகையில் ஏற்றும் கைவேலையை எங்கோ கற்று வந்தாள். செய்முறை கடினமானதன்று. நிழற்படக்கூடத்தில் கழுவியெடுத்த பழைய படத்தை இதற்குப் பயன்படுத்த இயலாது. அதன் உருவம் தாளோடு ஒன்றியது, பிரிந்து வாராது. எனவே மூலப்படத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு, அதன் நகலைச் சாதாரணத் தாளில் லேசர் அச்சுப்பொறியில் எடுக்க வேண்டும். மை தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் படத்தை நனைத்தால் மை கரைந்தோடிவிடும். லேசர் அச்சில் இருப்பதோ மையன்று. வெப்பத்தால் தாளில் உருகிப் படிந்த நுண்ணிய நெகிழிப் பொடி. அது நீரில் கரையாது. செஸ்டர் கார்ல்சன் என்னும் அமெரிக்கர் 1938-இல் கண்ட உலர் நகல் முறையின் வழித்தோன்றல் இது. அலுவலகங்களில் நாம் சலிப்போடு பொத்தானை அழுத்தி எடுக்கும் நகல்களுக்குள் இப்படியொரு பண்பு ஒளிந்திருப்பதை இருபது ஆண்டு எழுத்தர் பணியில் நாம் அறிந்திருக்கவில்லை!

பலகையை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். வெள்ளைப் பசையை மெல்லிய படலமாகப் பூசி, அச்சுத்தாளை முகம் கீழாகக் கவிழ்த்து ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாதவாறு நீவிவிட வேண்டும். ஓர் இரவு முழுதும் உலர விடவேண்டும். மறுநாள் ஈரத்துணியால் தாளை நனைத்து, விரல்நுனியால் மெல்ல மெல்லத் தேய்த்தால் தாள் திரிதிரியாக உரிந்து வரும். உருவம் பலகையில் தங்கிவிடும். உலர்ந்ததும் வெண்பூழி பூத்தாற்போல் மீதித் தாள் தோன்றும். மீண்டும் நனைத்து மீண்டும் தேய்க்க வேண்டும். பொறுமையற்ற விரல் தாளோடு முகத்தையும் உரித்துவிடும். இறுதியில் வார்னிஷ் பூசுவர். நீராட்டிய பின்னரே உருவம் வெளிப்படுவதைக் கண்டபோது நமக்கு நடுகல்லின் நீர்ப்படை நினைவுக்கு வந்தது. அதனால்தான் அந்தப் பீடிகை.

மைசூரில் வாழ்பவர்க்கு மரம் என்றால் ஈட்டி மரம். மண்டி மொஹல்லாப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக மரப்பதிப்பு வேலை செய்யும் கைவினைஞர் பலர் உள்ளனர். அவர்களுள் நமக்குப் பழக்கமான முதியவர் ஒருவரிடம் சென்று, நல்ல ஈட்டித் துண்டு ஒன்று வாங்கி வந்தோம். அன்னைக்கு உயர்ந்த மரம் வேண்டும் என்பது நம் ஆசை. பசை பூசி, தாளை ஒட்டி, மறுநாள் உரித்துப் பார்த்தால் பலகையில் ஒன்றுமே இல்லை! கரிய மரத்தில் கரிய நிழல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நாணத்தோடு அதனை எடுத்துச் சென்று அம்முதியவரிடம் காட்டினோம். அவர் சாய்வாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னதன் கருத்து இது: "உங்கள் தாளில் வெள்ளை என்று ஒன்று இல்லை. நிழலை மட்டுமே அச்சிட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தை மரம் கொடுக்க வேண்டும். கரிய மரம் எங்கிருந்து கொடுக்கும்? அதற்கு வெளிச்சத்தை நாங்கள் வெட்டி உள்ளே வைப்போம்."

அவர் கூறியது முற்றிலும் உண்மை. அச்சிட்ட படத்தில் நெற்றியின் ஒளியும் பல்லின் வெண்மையும் வெறும் தாளே அன்றி வேறன்று. தாள் போனபின் அந்த இடங்களில் பலகையின் நிறமே ஒளியாக நிற்கிறது. மரப்பதிப்பு வேலையின் நெறி வேறு. ஈட்டிப் பலகையில் உருவத்தின் அளவாகக் குடைந்து, பலா போன்ற வெளிர்நிற மரங்களை மெல்லிய வாளால் அறுத்து அக்குழியில் பொருத்தி, தேய்த்து மெருகிடுவார்கள். முற்காலத்தில் அந்த வெண்மைக்கு யானைத் தந்தம் பயன்பட்டது. மைசூர் அரண்மனையில், அம்பா விலாசத்தை ஒட்டித் தந்தம் பதித்த ஈட்டிக் கதவைக் கண்டு வியவாதார் இலர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் தந்தத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. நன்றே ஆயிற்று. ஒன்றன் அழகுக்காக மற்றொன்றை அறுத்தெடுப்பது எவ்வளவு தூரம் தகும் என்னும் வினா அந்தக் கதவின் முன் நிற்கும்போதெல்லாம் நமக்கு எழுவதுண்டு. அவ்வினா எம் வீட்டுக்குள்ளேயே வந்து அமரும் என்று அப்போது எண்ணவில்லை.

வெளிர்நிற மாம்பலகை நான்கு வாங்கினோம், உடன்பிறந்தார் நால்வர்க்கும் ஒவ்வொன்றாக. அன்னையின் உருவம் மட்டும் வேண்டும் என்றார் அண்ணன். மகள் கணிப்பொறியில் படத்தை அதற்கேற்ப வெட்டினாள். அத்தை போய்விட்டார், ஆனால் அன்னையின் தோளில் நான்கு விரல்கள் நின்றன.

அவ்விரல்களைப் பற்றித்தான் வழக்கு.

அண்ணன் கூறியதை நேர்மையாக எடுத்துரைப்பது நம் கடமை. "அம்மா சுமங்கலியாகப் போனவள். திதியன்று குங்குமம் இட்டுப் பூச்சூட்டி வணங்கும் படம். அதில் யாருடையதோ போல் நான்கு விரல் தொங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கணிப்பொறியில் ஒரு நொடியில் அழித்துவிடலாமே. நான் அத்தையை வெறுக்கிறேனா? அவள் கையால் உண்டவன்தான் நானும்." இதில் தவறு எங்கே என்று உடனே சொல்ல நம்மால் இயலவில்லை. நினைவுச் சின்னம் என்பது நீதிமன்ற ஆவணம் அன்று. ஓவியன் எதை விடுப்பது, எதைத் தொடுப்பது என்று தேர்ந்தே வரைகிறான். நடுகல்லில் வீரன் இருக்கிறான்; அவன் உடலைச் சுமந்து வந்தவர்கள் இல்லை. பழைய நிழற்படக்கூடங்களில் குடும்பப் படத்திலிருந்து ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து, கையால் வண்ணம் தீட்டி, கழுத்தில் இல்லாத சங்கிலியையும் வரைந்து கொடுத்தார்கள். யாரும் அதனைப் பொய் என்று பழிக்கவில்லை.

அக்காள் ஒரே வரியில் மறுத்தார்: "அந்தக் கையை அழித்தால் எனக்குப் படமே வேண்டாம்." தம்பி, ஓசூரில் இருப்பவன், பெரியவர்கள் முடிவு செய்யுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டான். முடிவு நம் தலையில் விழுந்தது.

நாம் அலுவலகத்தில் கற்றது கைம்மண் அளவுதான். எனினும் அதுதான் கைகொடுத்தது. முன்பெல்லாம் நாள்தோறும் எத்தனை நகல்களில் 'உண்மை நகல்' என்னும் முத்திரையைக் குத்தி அதிகாரியின் மேசைக்கு அனுப்பியிருக்கிறோம்! இப்போது பெரும்பாலும் தற்சான்றே போதும் என்றாகிவிட்டது. கோப்பில் முழு நகல் என்று ஒன்று உண்டு. பகுதி நகல் என்று ஒன்று உண்டு. நூறு பக்க ஆவணத்தில் தேவையான ஒரு பத்தியை மட்டும் எடுத்துக் கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் அது பகுதி என்பது தெரிய வேண்டும். ஒரு சொல்லைச் சுரண்டிவிட்டு, சுரண்டிய தடமும் தெரியாமல் மூடி, முழுமை போலக் கொடுத்தால் அது வேறு. அது நகலும் அன்று, பகுதியும் அன்று. அதற்குச் சட்டத்தில் வேறு பெயர்.

அம்முறையில் பார்த்தால், அத்தையை வெட்டிய படம் பகுதி நகல். அந்நான்கு விரல்களே, "இங்கு இன்னொருவர் இருந்தார்" என்று சொல்லும் குறிப்பு. குறிப்பையும் அழித்தால்?

இதனினும் ஆழமானதொன்றை மகள் சொன்னாள். "அப்பா, விரலை அழித்தால் அதன் கீழே பாட்டியின் தோள் இருக்காது. கேமரா அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. அங்கே ஒரு தோளைக் கணிப்பொறி தானாக வரையும்." நாம் அதனை எண்ணிப் பார்க்கவில்லை. அழித்தல் என்பது கழித்தல் என்றே கருதியிருந்தோம். அது கூட்டலும் ஆம். ஒருவருடைய கையை எடுத்துவிட்டு, எவருக்கும் உரியதல்லாத ஒரு தோளை அன்னைக்கு வைக்கிறோம். அந்தத் தோளில் நாம் சாய்ந்ததில்லை. இன்று பொறிகள் இறந்தாரின் படத்தைச் சிரிக்க வைக்கின்றன, பேசவும் வைக்கின்றன. பழங்கால ஓவியன் சங்கிலி வரைந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். ஓவியன் தீட்டிய சங்கிலி தீட்டியது என்றே தெரியும். அந்தத் தூரிகைத் தடம் ஒளிவதில்லை. பொறி வைத்த தோளோ தன்னை நிழற்படம் என்றே சொல்லிக்கொள்கிறது.

எனினும் நம் வாதத்தில் நமக்கே ஓர் ஐயம் இருந்தது. கோப்பு நெறியைக் கொண்டு அன்பை அளக்கலாமா? மூலம், நகல் என்று பேசுகிறோமே, அன்னைக்கு எது மூலம்? அந்த 1986-ஆம் ஆண்டுப் படமே ஒரு நகல்தானே! இராசா இரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, கல்லச்சு முறையில் தம் ஓவியங்களைப் பல்லாயிரம் படிகளாகப் பரப்பினார். அவருடைய மூல ஓவியங்கள் சில நம் ஊர் ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ளன. அங்கே அவற்றைக் கலை என்று கண்டு வருகிறோம். அவர் வழிவந்த அச்சுப் படிக்கோ வீட்டில் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கைகூப்புகிறோம். வழிபாட்டுக்குப் படியே போதுமாக இருந்திருக்கிறது. அப்படியிருக்க, உண்மை நகல் என்று நாம் மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்?

இவ்வையத்துக்கு விடை எதிர்பாராத ஒரு பிழையிலிருந்து வந்தது.

தாளைக் கவிழ்த்து ஒட்டுவதால் உருவம் இடவலம் மாறிப் பதியும். ஆகவே அச்சிடும்போதே படத்தை மாற்றித் திருப்பிக்கொள்ள வேண்டும். முதல் மாம்பலகைக்கு மகள் அதனை மறந்துவிட்டாள். பலகையில் அன்னை வந்தார்; மூக்குத்தி இடப்புறம் இருந்தது, முந்தானை வலத்தோளில் கிடந்தது. நமக்கு நெஞ்சம் துணுக்குற்றது. அதே கண், அதே நெற்றி, ஆயினும் அயலார் ஒருவர் அன்னையின் ஆடையை அணிந்து அமர்ந்ததுபோல் இருந்தது. அச்சமயம் விடுமுறைக்கு வந்திருந்த அக்காளும், "இது அம்மா இல்லை" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

மாலையில் பார்த்தால் அக்காள் அப்பலகையின் முன் அமர்ந்திருக்கிறார். "தம்பி, இதுவும் அம்மாதான். நான்தான் இவளை நாள்தோறும் பார்த்தவள்" என்றார். எங்கள் ஊர் வீட்டுத் தூணில் கையகல ரசக்கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கும். அக்காளை அதன் முன் நிறுத்திப் பின்னால் நின்றுகொண்டு அன்னையார் தலைவாரிப் பின்னலிடுவார். பத்தாண்டுக் காலம், ஒவ்வொரு காலையும், அக்காள் கண்டது கண்ணாடியில் தெரிந்த அன்னையின் முகத்தை. மூக்குத்தி மாறிய முகம் அது. ஆண்மக்களாகிய எங்களுக்கு அந்த முகம் தெரியவே தெரியாது. இன்னொருவருக்கும் அது நன்கு தெரிந்திருக்கும். அன்னையார் தம்மைத் தாமே அறிந்ததும் அந்த முகமாகத்தானே?

பிழையாகப் பதிந்த படம் ஒருவருக்கு மெய்யாக இருந்தது. ஏன்? அங்கே மாற்றம் இருந்தது, மறைப்பு இல்லை. அன்னையின் முகத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒளிபட்டு வந்ததே. இடம் மட்டும் மாறியது. ஆகவே நாம் தேடிய எல்லைக்கோடு மூலத்துக்கும் நகலுக்கும் இடையில் இல்லை என்று தோன்றியது. வாழ்ந்தவர் ஒருவர் கண்டதற்கும், எவரும் காணாததற்கும் இடையில் இருக்கிறது. இது முடிந்த முடிபு என்று சாதிக்க மாட்டோம். அறிஞர்கள் மறுக்கக்கூடும். மறுத்தால் கேட்கச் சித்தமாய் இருக்கிறோம்.

அந்தப் பலகையை அக்காள் எடுத்துக்கொண்டார். அதில் அத்தையின் விரல்கள் இடத்தோளில் இருக்கின்றன.

அண்ணனுக்கு என்ன செய்வது? தம் வீட்டில் தாம் வணங்கும் படம் எவ்வாறு இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை மூத்தவருக்கு உண்டு. அதில் நம் கருத்தைத் திணிப்பதும் ஒருவகை அழித்தலே. அவர் கேட்டபடியே செய்து கொடுத்தோம். மகள் செய்ய மறுத்தாள். கணிப்பொறி வேலையைக் கடைக்காரர் ஒருவர் செய்தார், பலகை வேலையை நாம் செய்தோம். தேய்க்கும்போது அந்த வரையப்பட்ட தோளின்மேல் நம் விரல் படத் தயங்கியது என்பதை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். தம்பிக்கு விரல்கள் உள்ள பகுதி நகல் போயிற்று. அவன் எதுவும் கேட்கவில்லை.

எம் வீட்டுக்கு முழுப்படத்தையே ஏற்றினோம். அதற்கு மட்டும் சற்று அகலமான பலகை வேறு வாங்க நேர்ந்தது. தேய்க்கையில் அன்னையின் காதோரம் சிறிது உரிந்து, தோட்டின் பாதி போய்விட்டது. அவ்விடத்தில் மாமரத்தின் வரி தெரிகிறது. மகள் கரித்தூளால் தொட்டு நிரப்பட்டுமா என்றாள். வேண்டாம் என்றோம். அத்தையின் வெள்ளைப் புடவைதான் வியப்பு. அங்கே அச்சில் ஒன்றுமே இல்லாததால் புடவை முழுதும் மரமாகவே நிற்கிறது. ஓராண்டில் மாம்பலகை பழுத்து இளமஞ்சளாகிவிட்டது. அத்தையின் புடவையும் மஞ்சளேறிவிட்டது. வாழ்நாளெல்லாம் அவருக்கு மறுக்கப்பட்ட நிறம்.

சென்ற ஆண்டு மகாளய அமாவாசைக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். பலகையின் முன் நெடுநேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது, "அத்தை திதி எந்த நாள் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். எங்களுள் ஒருவருக்கும் நினைவில்லை.

அவர்கள் சென்றபின் மகள் பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டு, பின்புறம் எழுதுவதற்காக, "பாட்டி பெயர் தெரியும். இவர்கள் பெயர் என்ன அப்பா?" என்றாள். அத்தை என்றே அழைத்துப் பழகிய நாம் சற்று விழித்தோம். குடும்ப அட்டையில் ஒரு பெயர் இருந்ததாக நினைவு. ஊரார் அழைத்தது வேறு பெயர். அக்காளுக்குத் தொலைபேசியில் பேசினோம். இரண்டும் அல்ல என்றார் அவர். அன்னையார் அவரைத் தனியே இருக்கும்போது அழைத்த பெயர் ஒன்று உண்டு என்று சொல்லி அதனையும் கூறினார். மகள் மூன்றையும் பென்சிலால் எழுதி, அதன்மேல் வார்னிஷ் பூசி, பலகையைச் சாளரத்தோரம் உலர வைத்தாள்.